சப்டக்ஷன்: தமிழில் என்ன எழுதலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

2004 ஆழிப்பேரலை பற்றிய மாணவர் கண்காட்சிக்குப் பலகைகள் எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. பூமியின் பாறைத் தட்டு ஒன்று இன்னொன்றுக்கு அடியில் இறங்குவதை ஆங்கிலத்தில் சப்டக்ஷன் என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடி ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன்: 'சுமத்ராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் ——. டிசம்பர் 26 அன்று அந்த எல்லை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு முறிந்து நழுவியது.' கோடிட்ட இடத்தில் சிலர் 'அமிழ்தல்', சிலர் 'கீழமிழ்தல்' என்கிறார்கள். 'மண்டலம்' சேர்த்தாலும் ஒட்ட வேண்டும். எதைப் போட?

— செ.

*

செ. அவர்களுக்கு,

கீழமிழ்தல் வேண்டவே வேண்டாம். அமிழ்வது கீழேதானே, மேலேயா அமிழும்? 'நடுசென்டர்' போல இருக்கிறது. என் பரிந்துரை 'உட்கோள்'. படு பாடாவதுபோலக் கொள் கோளாகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்று இளங்கோவடிகளே பாடியிருக்கிறார். கடல்கோளை விளக்கும் பலகையில் உட்கோள் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

— பு.

*

பு. ஐயா,

கோள் என்றால் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும். பெரியவர்களுக்குக் கோள்மூட்டுவது. குமரிக் கோட்டைத் தொட்டால் அடுத்த மடலில் லெமூரியா வந்துவிடும். அது 1864-இல் ஸ்கிலேட்டர் லெமூர்களின் பரவலுக்கு விளக்கம் தேடிச் சொன்ன ஊகம்; நிலமே நகர்கிறது என்று தெரிந்தபின் மூழ்கிய கண்டத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று.

சரி, பொருளுக்கு வருவோம். சப்டக்ஷனின் லத்தீன் மூலத்தில் 'அடியில் இட்டுச்செல்லுதல்', பிறவினை. ஆனால் இங்கே இட்டுச்செல்ல யாருமில்லை. நடுக்கடல் முகட்டில் சூடாகப் பிறக்கும் தட்டு, விலகிப் போகப் போகக் குளிர்ந்து கனக்கிறது. ஒரு கட்டத்தில் அடியிலுள்ள கவசத்தைவிட (மேன்டில் என்ற பாறை அடுக்கு) அடர்த்தி கூடி, தன் எடையாலேயே இறங்குகிறது. கொடியில் போட்ட ஈரவேட்டி ஒருபக்கம் கனத்துச் சரிவதுபோல, இறங்கிய பகுதி மிச்சத்தையும் இழுக்கிறது. அதனால்தான் கடற்படுகையில் 20 கோடி ஆண்டைத் தாண்டிய பாறை அரிது. கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறையும் கிடைக்கிறது. ஆகவே தன்வினைதான் வேண்டும். 'செருகல்' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், செருகுவதற்கு ஒரு கை வேண்டும். அமிழ்தல் போதும்.

— ம. (ஓய்வுபெற்ற நிலவியல்காரன்)

*

ம. ஐயா சொல்வது சரி. ஆனால் அமிழ்தல் என்றால் பிள்ளைகள் தண்ணீரைத்தான் நினைப்பார்கள். 'அது ஏற்கெனவே கடலுக்கடியில்தானே கிடக்கு, இனி எங்கே அமிழ்வது மிஸ்?' என்று என் வகுப்பில் கட்டாயம் கேள்வி வரும். 'கீழிறக்கம்' என்றால் என்ன? ஓமானில் கடலடித் தட்டின் ஒரு துண்டு கண்டத்தின்மேல் ஏறிக் கிடக்கிறதே, அதற்கு 'மேலேற்றம்' என்று சோடியும் கிடைக்கும். அதோடு, இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் தட்டு என்று படித்ததில்லை, தகடு.

— த.

*

தகடு! அருமை, அம்மா. தகடும் தகளியும் (அகல் விளக்கு) ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. 'வையம் தகளியா' என்று பொய்கையாழ்வார் பாடும்போது—

— பு.

*

ஐயா, வியாழக்கிழமை.

— செ.

*

கீழிறக்கம் எனக்குப் பெட்ரோல் விலையை நினைவூட்டுகிறது. அமிழ்தலுக்கே என் வாக்கு. பலகைக்கு வினையே போதும், 'அமிழ்கிறது' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் குறுக்குவெட்டுப் படம் ஒன்று போடுங்கள். கவசத்துக்குள் இறங்குவதைப் படத்தில் காட்டினால் த. அம்மாவின் மாணவர்களுக்கும் குழப்பம் வராது.

— ம.

*

நன்றி. 'அமிழ்கிறது', 'அமிழ்வு மண்டலம்' என்று அனுப்பிவிட்டேன். தகடு அடுத்த பதிப்புக்கு. எல்லாப் பலகையிலும் தட்டு ஏறிவிட்டது.

— செ.

*

அச்சேறியது ஏறட்டும். உட்கோளை நான் கைவிடவில்லை. தகளி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

— பு.