சிமுலேஷனுக்கு ‘ஒத்திகை’ சரிவருமா? – வரிசைப் பாடத்துக்கு ஒரு சொல் தேவை

வேலூர், வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்து வந்த இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வருகிற திங்களன்று ஒரு கையேடு கொடுக்க வேண்டும். ஞாயிறு மாலை நகலெடுக்கப் போய்விடும். அதனால்தான் இந்த அவசரம்.

மருந்து வாங்கும் கவுண்டரில் வரிசை எப்படி நீள்கிறது, எப்படிக் கரைகிறது என்று கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் பாடம். ஆட்கள் வரும் இடைவெளியையும், ஒருவரைக் கவனிக்க ஆகும் நேரத்தையும் மாணவர்கள் கடிகாரம் பார்த்துக் குறித்து வருவார்கள். எந்த அளவு எத்தனை முறை வந்தது என்ற அந்தப் பரவலிலிருந்து, குலுக்கல்போல் விழும் சமவாய்ப்பு எண்களை எடுத்துக் கணினி ஆட்களை அனுப்பும். உள்ளே நேரம் நொடி நொடியாக நகராது. ஒருவர் வந்தார், ஒருவர் போனார் என்று அடுத்த நிகழ்வுக்குத் தாவும்.

ஏன் இந்தப் பாடம் முக்கியம் என்றால், மணிக்கு 12 பேரைக் கவனிக்கக்கூடிய ஒரே கவுண்டருக்கு மணிக்குச் சராசரியாக 10 பேர் வந்தால், எளிய சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 25 நிமிடம். 11 பேர் வந்தால் 55 நிமிடம். மணிக்கு ஒரே ஒரு ஆள் கூடியதற்கு இந்த விலை! கரும்பலகையில் போட்டால் யாரும் நம்புவதில்லை. தாங்களே ஓட்டிப் பார்த்தால் நம்புகிறார்கள். அப்புறம், காலை ஒன்பது மணிக் கூட்டம், சாப்பிடப் போன ஊழியர், தவறான சீட்டோடு திரும்பி வருபவர் என்று சேர்க்கச் சேர்க்கச் சூத்திரம் கைவிட்டுவிடும், ஓட்டிப் பார்ப்பது மட்டுமே மிஞ்சும்.

இப்படி ஓட்டிப் பார்ப்பதைத்தான் ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்கிறோம். அதற்கு ‘உருவகப்படுத்துதல்’ என்று இணையத்தில் பார்க்கிறேன். ‘பாவனை’, ‘போலச்செய்தல்’ என்றும் எழுதுகிறார்கள். எதை வைக்கலாம்?

ஆரணி, வெள்ளி காலை

அம்மா, உருவகப்படுத்துதல் வேண்டவே வேண்டாம். முப்பது ஆண்டு தமிழ் வகுப்பெடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டும் ஒன்றே என்பதுதான் உருவகம். உங்கள் பாடமோ கணினிக்குள் இருப்பதும் கவுண்டரில் நடப்பதும் வேறு வேறு என்று மாணவன் மறக்கக் கூடாத பாடம். பெயரே அதை மறக்கச் சொல்லலாமா?

தொல்காப்பியர் உவமத்தை ‘வினை பயன் மெய் உரு’ என்று நான்காக வைத்தார். நீங்கள் போலச் செய்வது கவுண்டரின் உருவை அல்ல, அதன் வினையை. ஆகவே ‘வினைநிகர்ப்பு’ என்பது என் முன்மொழிவு.

வரிசைக்கு ‘நிரை’ என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். பழைய வடஆற்காட்டுச் செங்கம் பக்கத்து நடுகற்கள் எத்தனை, ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு மாண்ட வீரர்களுக்கு நட்டவை! நிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. தொல்காப்பியத்தில் கரந்தை தனித்திணை அல்ல, வெட்சிக்குள்ளேயே அடங்கும். நடுகல்லையும் அவர் அங்கேதான் வைக்கிறார். நம் மண்ணில் நிரை என்பது உயிரைக் கொடுத்துக் காத்த சொல்.

குடியாத்தம், வெள்ளி மதியம்

ஐயா, நடுகல் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் நிரை என்ற சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிகளுக்கு நிரை, நிரல் என்றுதான் பிள்ளைகள் படித்து வந்திருக்கிறார்கள். அதை இங்கே வைத்தால் குழப்பம்தான்.

‘நிகர்’ என்றாலோ வேலூரில் எல்லோருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். சிமுலேஷன் என்றே எழுதிவிடுங்கள் என்பேன். நாளை வேலைக்கு நேர்காணலில் அந்தச் சொல்லைத்தான் கேட்பார்கள். நானும் தமிழ்வழியில் படித்தவன், சொல் தெரியாமல் திகைத்து நின்றவன்.

ஆரணி, வெள்ளி மாலை

தம்பி, நேர்காணலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த வரிசைக் கணக்கைத் தொடங்கி வைத்த எர்லாங் எந்த மொழியில் எழுதினார்? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்தவர். தொலைபேசி அழைப்புகளைப் பற்றிய 1909ஆம் ஆண்டுக் கட்டுரையை டேனிஷ் மொழியில்தான் எழுதினார். நம்மை ஒப்பிட்டால் கைப்பிடியளவு பேர் பேசும் மொழி. இன்று அவர் பெயரே ஓர் அலகாக நிற்கிறது.

யாழ்ப்பாணம், வெள்ளி இரவு

‘பாவனை’ வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். ‘வரிசைப் பாவனை’ என்று எழுதினால் வரிசையைப் பயன்படுத்தும் முறை என்றே இங்கே புரியும்.

வேலூர், சனி காலை

‘போலி’யையும் நான் விட்டுவிட்டேன். இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி என்று மதிப்போடு இருக்கும் சொல்தான். ஆனால் நேற்று வகுப்பில் ‘போலி நோயாளிகள் 200 பேரை அனுப்புகிறோம்’ என்று சொன்னதும், காட்பாடியிலிருந்து வரும் மாணவி முகம் சுருங்கிவிட்டது. அவள் அம்மா தினமும் டோக்கன் வாங்கி உட்காருகிறவர். மருத்துவமனையை நம்பி வடக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் ஊரில், நோயாளிக்கு முன்னால் போலி என்ற சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் ‘ஒத்திகை’ தோன்றியது. ஒத்தல் அதிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த சொல். ஒரு முறை நடத்திப் பார்த்தால் போதாது, பல முறை நடத்த வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. எங்கள் பாடத்தில் பாதி அதுதான்: ஒரே ஓட்டத்தை நம்பாதே, வேறு வேறு எண்களோடு முப்பது முறை ஓட்டு. ‘வெள்ளோட்டம்’ பற்றியும் யோசித்தேன். ஆனால் அது உண்மையான தேரையே இழுத்துப் பார்ப்பது. நாங்கள் தேரே இல்லாமல் இழுக்கிறோம்.

திருப்பத்தூர், சனி மதியம்

நான் மருத்துவமனையில் செவிலியர். ஒத்திகை என்றால் எங்களுக்குத் தீ விபத்து ஒத்திகைதான். மணி அடித்ததும் படியில் இறங்குவோம், ஸ்ட்ரெச்சர் தள்ளுவோம். ‘திங்கட்கிழமை வரிசை ஒத்திகை’ என்று அறிவிப்பு வந்தால் நாங்கள் எல்லோரும் கவுண்டருக்கு வந்து நின்றுவிடுவோம். ‘கணினி’ என்று முன்னால் ஒட்டாமல் அந்தச் சொல்லை வெளியே விடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் மாதிரியில் பையை வைத்து இடம் பிடிப்பவர் உண்டா? ரேஷன் கடையில் கல்லை வைத்துவிட்டுப் போவார்களே, அதுபோல. ஆள் இருக்க மாட்டார், இடம் இருக்கும். அவரையும் எண்ணினால்தான் கணக்குச் சரியாக வரும்.

ஆரணி, சனி இரவு

நிரையை நான் திரும்பப் பெறுகிறேன். ‘வரிசை’ இருக்கட்டும். காரணம் பாடப்புத்தகம் அல்ல, புறநானூறு 121. ஒருவனை நினைத்து நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் வருகிறார்கள் என்று தொடங்கிக் கபிலர் ‘வரிசை அறிதலோ அரிதே’ என்கிறார். கொடுப்பவன் ஒருவன், வருபவர் பலர். அம்மா, இது உங்கள் கவுண்டர் அல்லவா! அங்கே வரிசை என்பது தகுதி. புலவரைப் பார்க்கையில் ‘பொது நோக்கு ஒழிமதி’ என்று வள்ளல் மலையமானைக் கேட்கிறார். அதாவது எல்லோரையும் ஒன்றுபோல் நோக்காதே, தகுதி பார்த்துக் கொடு. உங்கள் பாடத்தின் மொழியில் சொன்னால், முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுக்காதே. அவசர நோயாளியை முன்னே விடுவதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? ‘வரிசை அறிதல்’ என்றே அந்தப் பகுதிக்குத் தலைப்பு வையுங்கள்.

ஒத்திகைக்கு மட்டும் நான் இசையவில்லை. வினைநிகர்ப்பு என்பதே என் கருத்து.

வேலூர், ஞாயிறு காலை

ஐயா, அந்தத் தலைப்பை வைத்துவிட்டேன். பாட்டின் இரண்டு வரியையும் சேர்த்திருக்கிறேன். கல் வைத்தவருக்கு ஒரு பயிற்சிக் கணக்கு எழுதியாயிற்று.

எண்ணிப் பார்த்தால் ‘கணினி ஒத்திகை’க்கு மறுப்பு இருவர்தான். முதல் பக்கத்தில் மட்டும் ‘கணினி ஒத்திகை, அதாவது சிமுலேஷன்’ என்று எழுதி, பிறகு ஒத்திகை என்றே தொடர்கிறேன். குடியாத்தத்து நண்பருக்கு இது பாதி நிறைவாவது தரும் என்று நம்புகிறேன். நான்கு மணிக்கு நகலெடுக்கக் கொடுக்கிறேன்.

குடியாத்தம், ஞாயிறு மதியம்

என் வாக்கு இன்னும் சிமுலேஷனுக்குத்தான், பதிவுக்காகச் சொல்கிறேன். அது போகட்டும், நான்கு மணிக்குள் ஒன்று கேட்கிறேன்: கவுண்டரில் உட்கார்ந்து கவனிப்பவருக்கு, அந்த ‘சர்வர்’ என்பதற்கு, கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘வழங்கி’ என்றால் பிள்ளைகள் இணையக் கணினி என்று நினைப்பார்கள். ‘பணியாளர்’ என்றால் டோக்கன் இயந்திரத்தை என்ன செய்வது?