சாமி கண்ணைக் குத்தாது என்றால் மகனுக்கு என்ன சொல்வது?

மகனுக்கு 11 வயது. ஊர் மதுரை. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. என் அம்மாவுக்கு நிறைய உண்டு.

மூன்று வாரத்துக்கு முன் மளிகைக் கடைக்காரர் தவறுதலாக 50 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். இவன் அதை நான்காக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்திருந்தான். "சாமி கண்ணைக் குத்தும்" என்றார் அம்மா. "அப்பாவுக்குத்தான் சாமியே கிடையாதே, அவர் ஏன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்?" என்றான். பணத்தைக் கொடுத்துவிட்டோம். கேள்வி மட்டும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கடைக்காரர் இடத்தில் உன்னை வைத்துப் பார் என்றேன். "அவருக்குத் தெரியவே தெரியாதே!" கடவுள் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா என்று சாக்ரடீஸ் கேட்டதாக பிளேட்டோ எழுதியதைச் சொன்னேன், கொட்டாவி விட்டான். பொய் சொன்னால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிற 293ஆம் குறளைக் காட்டினேன். "எனக்குச் சுடவில்லையே" என்றான். (உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டவும் வேண்டியதாயிற்று.) முதல் பத்துக் குறளும் கடவுள் வாழ்த்துதானே என்று சமையலறையிலிருந்து அம்மா வேறு.

மிரட்டலும் பரிசும் வேண்டாம். யாரும் பார்க்காதபோதும் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதைக் கடவுளை இழுக்காமல் இந்த வயதுப் பிள்ளைக்குப் புரியவைத்தவர்கள் என்ன சொன்னீர்கள்?