கரண்ட் பில் திடீரென்று எகிறியதா? கடைசியில் எது மாட்டியது என்று சொல்லுங்கள்

வாடகைவாசி:
புது வீடு மாறி இரண்டாவது பில்லிலேயே தூக்கிவாரிப் போட்டது. அதே ஃப்ரிட்ஜ், அதே ஃபேன், அதே ஆட்கள். யூனிட் மட்டும் பழைய வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டுக்காரரிடம் கேட்டால், "நீங்க பகல்லயும் லைட் போடுறீங்க" என்றார். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தது, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தது எல்லாம் உங்களுக்கே தெரிந்த கதைதான், அதை விடுங்கள்.

ஒருநாள் ராத்திரி மெயினையே இறக்கிவிட்டு மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றேன். வீடு மொத்தமும் இருட்டு. மீட்டரில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் நிதானமாக மினுக்கிக்கொண்டே இருந்தது. மீட்டர் கெட்டுப்போச்சு போல என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அதே நேரம் மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

மூன்று வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குகளுக்கும் போகிற லைனை, என் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மெயினை இறக்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அது கட்டும்போதே அப்படித்தாம்மா போட்டது" என்றார். எனக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் இதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அது அவருக்குத் தெரிந்தே நடந்ததா இல்லையா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ:
எங்கள் வீட்டில் எல்லோரும் கை நீட்டியது ஃப்ரிட்ஜை. பதினைந்து வருஷப் பழசு, அதனால் அதுதான் குற்றவாளி என்று மைத்துனர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அதைக் கழற்றி வைத்தும் மீட்டர் வேகம் பெரிதாகக் குறையவில்லை.

மாட்டியது இன்வெர்ட்டர். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு, அதாவது அந்தச் சிவப்பு விளக்கு 3200 தடவை மினுக்கும் என்று போட்டிருக்கும், உங்களுடையதில் 1600, 800 என்றும் இருக்கலாம். 3200 என்றால், விளக்கு நொடிக்கு ஒரு தடவை மினுக்கினால் அந்த நேரம் சுமார் 1125 வாட் ஓடுகிறது என்று கணக்கு. இரண்டு நொடிக்கு ஒரு தடவை என்றால் அதில் பாதி. எல்லாம் அணைத்த பிறகும் எனக்கு ஏறக்குறைய ஏழரை நொடிக்கு ஒரு தடவை மினுக்கியது. அதாவது கிட்டத்தட்ட 150 வாட். தேடிக்கொண்டே போய் பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தேன். சுட்டது. உள்ளே சன்னமாகக் கொதிக்கிற சத்தம் வேறு. கடைசியாகக் கரண்ட் கட் ஆகிப் பல நாள் ஆகியிருந்தது, பேட்டரிக்கு சார்ஜ் ஆக வேண்டிய வேலையே இல்லை. உள்ளே ஒரு செல் போய்விட்டது. இன்வெர்ட்டர் "இன்னும் நிரம்பவில்லை" என்று ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, பேட்டரி அத்தனையையும் சூடாக வெளியே தள்ளியிருக்கிறது.

150 வாட் நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட். மாதத்துக்கு 108. அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் கேட்கிற பேட்டரி யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், அப்படிக் கொதிக்கிற நேரத்தில் அதிலிருந்து தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு வரும்.

நிழல்:
எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது பூனை.

கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே ஒரு டைல்ஸ் மேல்தான் போய்ப் படுக்கும். மெத்தை போட்டாலும் அங்கே போகாது. நாங்களும் அதன் குணம் அப்படி என்று விட்டுவிட்டோம். ஒருநாள் வெறுங்காலோடு அதை மிதித்த என் மகள், "அம்மா, இது மட்டும் ஏன் சுடுது?" என்றாள். தரைக்கு அடியில் போகிற சுடுதண்ணீர்க் குழாயில் ஓட்டை. கீசர் எப்போதும் ஆனிலேயே இருக்கும், ஏனென்றால் தானாக நின்றுவிடும் என்று நம்பிக்கை. அது நிற்கும், சூடான தண்ணீர் மண்ணுக்குப் போகும், பச்சைத் தண்ணீர் உள்ளே வரும், மறுபடி 2000 வாட் ஓடும்.

குழாயை மாற்றிய பிறகு பூனை அந்தப் பக்கமே வருவதில்லை.

கம்பிச்சுருள்:
இதெல்லாம் பெரிய வேலை. நான் பிளக்கில் சொருகுகிற அந்த மின்சார சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டேன். பச்சை விளக்கு எரியும். அடுத்த பில்லே குறைந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

டெஸ்டர் தாத்தா:
முப்பது வருஷத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட்டு, கம்பிச்சுருள் தம்பியிடம் அப்புறம் வருகிறேன்.

ஒரு அம்மா, தனியாக இருப்பவர். இரண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃப்ரிட்ஜ். பில் பார்த்தால் ஏசி வீடு மாதிரி. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் எர்த் லீக், அதாவது கரண்ட் எங்கோ தரைக்குக் கசிகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் கிளாம்ப் மீட்டரை, வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கிற கருவி அது, கரண்ட் உள்ளே வருகிற பேஸ் வயரில் மாட்டினேன், 2 ஆம்பியர். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் மாட்டினேன், 9. உள்ளே வந்த கரண்டைவிடத் திரும்பிப் போகிற கரண்ட் அதிகம்! பக்கத்து வீட்டு நியூட்ரலை எவனோ இந்த அம்மாவின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். பழைய சக்கர மீட்டராக இருந்தால் இது பில்லில் தெரிந்தே இருக்காது. இப்போது வருகிற மீட்டர்களில் பல, பேஸையும் நியூட்ரலையும் தனித்தனியாக அளந்து எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்கும். திருட்டைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு. மீட்டரில் எர்த் என்று போட்ட சின்ன விளக்கு எரிந்தால் சந்தேகப்படலாம். அந்த அம்மா என்னிடம், "அப்போ பக்கத்து வீட்டு ஏசிக்கு நானா கட்டினேன்?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரி இவருக்கு நல்ல சிநேகிதி வேறு. அவர்களிடம் சொன்னாரா, மறைத்துவிட்டாரா, தெரியவில்லை.

இப்போது எல்லோருக்கும். முதலில் மீட்டரில் உள்ள ரீடிங்கும் பில்லில் உள்ள ரீடிங்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள். போன தடவை வீடு பூட்டியிருந்து சராசரி போட்டிருந்தால் இந்தத் தடவை இரண்டும் சேர்ந்துதான் வரும், அது கோளாறே இல்லை. இரண்டு ரீடிங்குக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதையும் எண்ணுங்கள். அப்புறம் ராத்திரி படுக்கும்போது ஒரு ரீடிங், காலையில் எழுந்ததும் ஒரு ரீடிங். யாரும் எதையும் தொடாத நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று இதிலேயே பாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மெயினை இறக்குவது. மெயின் இறங்கியும் ஓடினால் வாடகைவாசி சொன்ன கேஸ், அதுவும் இல்லையென்றால் மீட்டரையே சந்தேகப்படலாம். நின்றுவிட்டால், மெயினை ஏற்றி, ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கிற சுவிட்சை, அதாவது எம்சிபியை, ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மீட்டரை ஒரு பார்வை.

எல்லோரும் பெரிய சாமானைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் தேய்த்தால் அரை யூனிட்தான். மூலையில் சத்தமில்லாமல் இருக்கிற 100 வாட் சாமான் நாளைக்கு 2.4 யூனிட் தின்னும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போயிற்று. ஏசி ஃபில்டரைக் கழுவி எவ்வளவு நாளாயிற்று என்று யோசியுங்கள். தண்ணீர் சூடான பிறகும் கீசர் விளக்கு அணையவில்லை என்றால், சூடானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். மீட்டர் பெட்டிக்குள் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

தம்பி, அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கிற ஒரு கெபாசிட்டரும் ஒரு எல்இடியும்தான். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கிற கரண்டில் எவ்வளவு உருப்படியான வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை, கொஞ்சம் சரிசெய்யும், உண்மைதான். ஆனால் வீட்டு பில் யூனிட் கணக்கில் போனால், அதாவது கிலோவாட் மணிக் கணக்கில் போனால், அதனால் உங்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை.

கம்பிச்சுருள்:
தாத்தா, பில்லில் குறைந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய ரேடியோ:
வெயில் குறைந்ததும் வாங்கினீர்களா? ஏசியை நிறுத்திய மாதமாக இருக்கும்.

கம்பிச்சுருள்:
ஏசி கொஞ்சம் கம்மியாகத்தான் போட்டோம். அதனாலேயே எல்லாம் குறைந்துவிடுமா?

மாடிப்படி:
குறையும்.

என் கதை இரண்டு வரிதான். எங்கள் குடியிருப்பில் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். தாத்தா சொன்ன மாதிரி என் வீட்டு மெயினை இறக்கிவிட்டுக் கீழே போய்ப் பார்த்தால், என் வீட்டு எண் போட்ட மீட்டர் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மீட்டர் நின்றிருக்கிறது. அந்த வீட்டில் டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எண் ஒட்டினவர் மாற்றி ஒட்டியிருக்கிறார். நான் அவர்கள் பில்லைக் கட்டியிருக்கிறேன், அவர்கள் என்னுடையதை. போய்ச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எழுத்துல ஏதாவது இருக்கா?" பழைய கணக்கு இன்னும் தீரவில்லை. லிஃப்டில் பார்த்தால் இப்போது இருவருமே ஃபோனைப் பார்க்கிறோம்.

தாத்தா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே கேட்டது அனுபவம். நீங்கள் பாடமே நடத்திவிட்டீர்கள்.

டெஸ்டர் தாத்தா:
என் பாடத்தை வைத்துத்தானே உங்கள் மீட்டரைக் கண்டுபிடித்தீர்கள்?

மாடிப்படி:
அது நடந்து நாளாயிற்று. உங்கள் பதிவுக்கு முன்னாலேயே.

வடக்குவாசல்:
எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அப்பாவுக்கு மூச்சுத் திணறல். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற அந்த மெஷினை வீட்டிலேயே வைத்திருந்தோம், நாள் முழுக்க ஓடும். பில் ஏறியதும் நானும் உங்களை மாதிரியே வீடு பூராவும் துப்புத் துலக்கினேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், மோட்டாரைச் சோதித்தேன், மீட்டரையே சந்தேகப்பட்டேன். மெஷினின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது, 300 வாட்டுக்கு மேல். ஒரு நாளைக்கு ஏழு யூனிட்டுக்குக் குறையாது. கோளாறு ஒன்றுமில்லை, சரி என்று விட்டுவிட்டேன்.

நான் எலக்ட்ரீஷியனோடு வாசலில் பேசியதை அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த மெஷின் சத்தம் இல்லை. உள்ளே ஓடினால், உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். "கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சேன்டா, ஒண்ணும் செய்யல" என்றார்.

அந்தப் பேச்சை நான் வாசலில் வைத்துப் பேசியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் ஓடுகிறது.

நிழல்:
என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

வடக்குவாசல்:
இருக்கிறார். சுவிட்சை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டோம். அதற்கு என்னோடு சண்டை போட்டார்.

டெஸ்டர் தாத்தா:
சில இடங்களில் இந்த மாதிரி மருத்துவ மெஷின் இருக்கிற வீட்டுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, மருத்துவர் சான்று கேட்பார்கள். மின் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். கரண்ட் போனால் மெஷினுக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இது பாடம் இல்லை மாடிப்படி சார்.

ஈரச்சுவர்:
எங்களுக்கு பிரஷர் பம்ப். ஃப்ளஷ் டேங்கில் நூல் மாதிரி தண்ணீர் கசிந்திருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. குழாயில் அழுத்தம் குறையக் குறைய பம்ப் நாலு நொடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பகலில் வீட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ராத்திரி "க்ர்ர்" என்று கேட்டபோது பல்லி என்று நினைத்துத் தட்டிவிட்டுப் படுத்திருக்கிறார் என் கணவர். டேங்க் தண்ணீரில் கொஞ்சம் நீலத்தைக் கரைத்துவிட்டுப் பார்த்தோம், ஃப்ளஷ் பண்ணாமலே பேசின் நீலமாகிவிட்டது. அந்த பம்ப் தின்றதைவிட, அடிக்கடி ஆன் ஆஃப் ஆகி அதன் சுவிட்ச் கருகிப்போனதுதான் பெரிய செலவு.

தாத்தா, ஒரு சந்தேகம். எல்லாம் சரிசெய்த பிறகும் பில் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. மீட்டரே வேகமாக ஓடுமா?

டெஸ்டர் தாத்தா:
அபூர்வம், ஆனால் உண்டு. எழுதிக் கொடுத்தால் உங்கள் மீட்டரோடு வரிசையில் இன்னொரு மீட்டரை வைத்துக் கொஞ்ச நாள் ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஏறக்குறைய ஒரு யூனிட் ஏற வேண்டும். வோல்டேஜ் கூடக் குறைய இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஒன்றரை ஏறினால் எழுதிக் கொடுங்கள். நடுவில் தானாக நிற்கிற சாமானை வைத்து இதைச் செய்யாதீர்கள், கணக்கு தப்பும்.

கம்பிச்சுருள்:
எல்லோரும் என் பெட்டியைத்தான் திட்டுகிறீர்கள். சரி, இன்றைக்கே அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். கெபாசிட்டரைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் தாத்தா ஒத்துக்கொள்ள வேண்டும்.

டெஸ்டர் தாத்தா:
ஒத்துக்கொள்கிறேன். பிளக்கிலிருந்து பிடுங்கியதும் உள்ளே கை வைத்துவிடாதீர்கள், கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.