கரிசல்ல அஞ்சடி தோண்டியும் கெட்டி மண்ணு தட்டல, என்ன செய்ய?

மானூர்க்காரன்:
அண்ணாச்சிமாரே, மானூர் பக்கம் நாலு சென்ட்ல காண்ட்ராக்ட் விடாம நானே கொத்தனார வச்சு வீடு கட்டுதேன். மொத்தம் 12 காலம் (தூணு), அஞ்சுக்கு அஞ்சு குழி. அஞ்சடி போயாச்சு, இன்னும் கருப்பு மண்ணுதான், மம்பட்டில ஒட்டுனா வரவே மாட்டேங்கு. போன வாரம் பெஞ்ச மழைல ரெண்டு குழில முழங்கால் தண்ணி வேற. கொத்தனார் என்னடான்னா எங்க தாத்தா காலத்துல மூணடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி கல்லு கட்டுனாவ, வீடு இன்னும் நிக்கில்லா, கம்பிய இறக்கிருவோம்ங்காரு. இன்ஜினியரு இன்னும் தோண்டுங்காரு. ஜேசிபி வாடகை ஏறிக்கிட்டே போவுது. யார் பேச்ச கேக்க?

கரிசக்காடு:
தம்பி, தாத்தா வீடு மண்சுவரு, ஓட்டுக்கூரை. மண்ணு அசைஞ்சா அதுவும் கூட அசைஞ்சு குடுக்கும். செங்கலும் சிமெண்டும் வளையாது, வெடிச்சிரும். எங்க வீடு நாலடில கல் அஸ்திவாரம். ரெண்டாவது சித்திரைல ஜன்னல் மூலைல இருந்து சாய்வா ஒரு விரிசல், அஞ்சு ரூவா காசு உள்ள போவும். ஐப்பசி மழைக்கு அதுவா மூடிக்கிட்டு, நாங்களும் சரியாயிட்டுன்னு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சோம், அடுத்த வெயிலுக்கு அதே எடத்துல பிளந்துட்டு. கரிசல் தண்ணி குடிச்சா உப்பும் காஞ்சா சுருங்கும், பட்டி எல்லாம் அதுக்கு எம்மாத்திரம். பாத்ரூம் தண்ணிக்குழிய சுவரு ஓரத்துல வச்சோம், அந்த மூலைதான் மொதல்ல போச்சு.

சைட்டே கதி:
இன்ஜினியர் பக்கம்தான் நியாயம். எல்லா குழியும் வேண்டாம், ஒரு குழிய மட்டும் இன்னும் ரெண்டடி இறக்குங்க, கடப்பாரைய போட்டா சரளை, சுக்கான் கல்லு தட்டும்போது சத்தமே மாறும். பத்தடிலயும் கரிசல்னா ஃபூட்டிங்க (தூணுக்கு அடில போடுற அகலமான கான்கிரீட்ட) மறந்துட்டு அண்டர் ரீம்டு பைலுக்கு போங்க, பன்னண்டு அடி துளை போட்டு அடில குமிழ் மாதிரி அகட்டி கான்கிரீட் ஊத்துறது. எதுன்னாலும் தண்ணிய இறைச்சு, ஊறுன சகதிய வழிச்சு எடுத்துட்டுதான் நாலு இஞ்ச் பிசிசி, அதாவது கம்பி இல்லாத வெறும் கான்கிரீட். கம்பி மண்ணுல படாம இருக்க அடில 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் கட்டை வைங்க, ஜல்லித்துண்டு முட்டு குடுத்தா விடாதீங்க. தரை பீமுக்கு அடில கரிசல் முட்டாம மூணு இஞ்ச் இடைவெளி விடணும். முக்கியமா தோண்டுன கரிசல பேஸ்மட்டத்துக்குள்ள தள்ளிராதீங்க, காசு மிச்சம்னு தோணும், அப்புறம் டைல்ஸ தூக்கும். செம்மண்ணோ சரளையோ அரை அடி அரை அடியா போட்டு தண்ணி விட்டு திமிசு போட்டு இறுக்குங்க.

பேட்டை அக்கா:
தம்பி, ஃபூட்டிங் போடுற அன்னைக்கு லீவு போட்டுட்டு மிக்சர் பக்கத்துல நில்லு. ஒன்னு சிமெண்ட், ஒன்றரை மணல், மூணு ஜல்லின்னு போடுற கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர் தண்ணிதான், அதாவது 20 லிட்டர் பெயிண்ட் வாளில ஒன்றரை. எங்க ஆளு மூணாவது வாளிய சாய்க்கப் போனாரு, ஏன்ணேன்னு கேட்டா கலவை ஓடணும்லாங்காரு. ஓடுனா பலம் எங்க நிக்கும்? மூட்டைல பிபிசி (PPC, சாம்பல் கலந்த சிமெண்ட்)ன்னு போட்டிருந்தா பத்து நாளாவது ஈரச்சாக்கு காயவிடாத.

மானூர்க்காரன்:
ஆறரை அடில சரளை தட்டிட்டு! கொத்தனார் குழிக்குள்ள இறங்கி கடப்பாரையால நாலு குத்து குத்திட்டு, நான்தான் அப்பவே சொன்னேம்லாங்காரு. பாக்கி 11 குழியும் நாளைக்கு. அக்கா, வாளி நானே வாங்கிட்டேன்.