பார்க்கர் ரீப்ரொடக்‌ஷன் வாங்கலாமா?

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். டெக்சாஸில் இருக்கும் மச்சானுக்காக ஒரு உதவி, காக்காமார்களே. துப்பாக்கி சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். நானாக இருந்தால் நிலம் வாங்குவேன், அது வேறு கதை.

1980களில் ஜப்பானில் ஓலின்-கோடென்ஷா நிறுவனம் செய்த பார்க்கர் ரீப்ரொடக்‌ஷன், அதாவது பழைய அமெரிக்க பார்க்கர் வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்து அப்படியே செய்தது, இரண்டு குழலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ரகம், இப்போது அங்கே விலை இறங்கிக் கிடக்கிறதாம். வாங்கி வைத்தால் ஏறுமா? 12 கேஜைவிட 28 கேஜுக்கு (கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறிது) கூடுதலாகக் கொடுக்கலாமா? துப்பாக்கியோடு வந்த பெட்டி இல்லாவிட்டால் எவ்வளவு குறைத்துக் கேட்பது? அதிகம் சுடாத துப்பாக்கிதானா என்று எதை வைத்துப் பார்ப்பது?

ஊருக்குக் கொண்டுவரும் பேச்சே இல்லை; 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இங்கே ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். அங்கே சேகரிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.