வாட்ச்சா, சென்சாரா? (ஆலமரத்து வீடு – குடும்பக் குழு)

சரோஜா அத்தை: *பார்வேர்டு மெசேஜ்* ஊசி வேண்டாம்! ரத்தம் வேண்டாம்! கையில் கட்டினால் போதும், சர்க்கரை அளவு காட்டும் அதிசய வாட்ச்!!

சரோஜா அத்தை: கார்த்தி, இது நெசமா? மாமாவுக்கு வாங்கட்டா?

கார்த்தி: வேண்டாம் அத்தை. தோலைக் குத்தாம சர்க்கரை அளக்கிற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்க அனுமதி குடுக்கலைன்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலயே எச்சரிச்சாச்சு.

கார்த்தி: வாட்ச் அடியில எரியுற பச்சை லைட்டு நாடியைப் பிடிக்கத்தான். அகச்சிவப்பு ஒளியால குளுக்கோஸைப் பிடிக்க பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது. தோல்ல இருக்கிற தண்ணியும் அதே ஒளியை உறிஞ்சிடுறதால சிக்னல் அமுங்கிப்போகுது. வேர்த்தாலே கணக்கு தப்பும்.

மணி மாமா: சர்க்கரை பாக்கக் கையில ஒட்டியிருக்கிற சென்சார் மட்டும் என்ன ஒழுங்காம்? ராத்திரி 3 மணிக்கு 58-னு கத்துது. விரல்ல குத்திப் பாத்தா 96.

மீனா சித்தி: அண்ணே, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்திருந்தீங்க?

மணி மாமா: இடது பக்கம். சென்சாரும் இடது கையிலதான்.

மீனா சித்தி: அதான். கை அமுங்கினா அந்த இடத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு, சென்சார் பொய்யா இறக்கிக் காட்டும். புரண்டு படுத்தா தானா ஏறிடும். கிராஃப்ல பாருங்க, கிணறு மாதிரி செங்குத்தா விழுந்து செங்குத்தா ஏறியிருக்கும். ஆனாலும் அலாரம் அடிச்சா விரல்ல குத்திப் பாத்துட்டுதான் தூங்கணும்.

கார்த்தி: மாமா, அது அளக்கிறது ரத்தத்தையே இல்ல. சுமார் 5 மி.மீ. இழை ஒண்ணு தோலுக்கடியில, செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற நீர்ல நிக்குது. நுனியில ஒரு என்சைம், அதாவது வேதிவினையைத் தூண்டுற புரதம். குளுக்கோஸ் அதோட வினைபுரியும்போது வர்ற துளியூண்டு கரண்டைத்தான் நம்பரா மாத்துது. ரத்தத்துல மாறினது அந்த நீருக்கு வர 5-10 நிமிஷம் ஆகும்.

மீனா சித்தி: அந்தத் தாமதத்துலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 70-க்குக் கீழ போச்சுன்னா 15 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு *விரல்ல* பாக்கணும். சென்சார் இன்னும் 65-லயே நிக்குதேன்னு திரும்பத் திரும்பக் குடிச்சா அப்புறம் 250-ல போய் நிக்கும்.

சரோஜா அத்தை: வைட்டமின் சி மாத்திரை போடுறாரே, பரவாயில்லையா?

கார்த்தி: எத்தனை மி.கி. அத்தை? சில சென்சார்ல ஒரு நாளைக்கு 500 மி.கி.க்கு மேல போனா ரீடிங் பொய்யா ஏறும். வைட்டமின் சி அந்த இழையில கரண்டைப் பிடிக்கிற எலக்ட்ரோடுல நேரா வினைபுரிஞ்சு கூடுதல் கரண்ட் குடுத்துடும். சில மாடலுக்கு பாராசிட்டமாலும் அதிகமானா இதே கதைதான். பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கிற தாள்ல உங்க மாடலுக்கு என்னன்னு இருக்கும்.

சரோஜா அத்தை: போன தடவை நாலே நாள்ல பிச்சுக்கிட்டு வந்துடுச்சு 😤

மீனா சித்தி: தோல்ல இருக்கிற எண்ணெய்தான் அண்ணி. ஒட்டுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தேச்சு, அது *முழுசா காயணும்*. ஈரத்துல ஒட்டினா பசை பிடிக்காது. மேல்கையோட பின்பக்கம், மச்சம் தழும்பு இல்லாத இடம். அடுத்த தடவை வலது கை. முதல் நாள் ரீடிங் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதை வெச்சு இன்சுலினை மாத்த வேண்டாம்.

மணி மாமா: ரிப்போர்ட்ல ஏகப்பட்ட நம்பர். எதைப் பாக்கணும்?

கார்த்தி: 70-180க்குள்ள எத்தனை சதவீத நேரம்னு பாருங்க மாமா. பொதுவா 70%, அதாவது நாளைக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம் இருந்தா நல்லது.

மீனா சித்தி: அது பொதுவானவங்களுக்கு. வயசானவங்க, அடிக்கடி சர்க்கரை இறங்குறவங்களுக்கு 50% போதும். ஆனா 70-க்குக் கீழ 1%தான், நாளைக்கு கால் மணி நேரம் கூட வரக்கூடாது. அண்ணனுக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

மணி மாமா: ஒட்டவே வேண்டாத மாதிரி எதுவும் வரலையா?

கார்த்தி: தோலுக்கடியில பதிக்கிறது இருக்கு, ஒரு வருஷம் ஓடும். 2024 செப்டம்பர்ல எஃப்.டி.ஏ. அனுமதிச்சது. என்சைம் கிடையாது, குளுக்கோஸ் பட்டா ஒளிரும் பொருள். ஆனா அதுக்கும் தோலுக்கு மேல, ரீடிங்கை போனுக்கு அனுப்புற ஒரு டிரான்ஸ்மிட்டர் ஒட்டியாகணும் 😄

சரோஜா அத்தை: சனிக்கிழமை முட்டிக்கு எம்.ஆர்.ஐ. இருக்கே, இதோட போலாமா?

மீனா சித்தி: பல மாடலைக் கழட்டச் சொல்வாங்க, கழட்டினா திரும்ப ஒட்ட முடியாது. ஸ்கேன் சென்டர்ல கேளுங்க. இப்ப இருக்கிறது எப்ப முடியுது அண்ணே?

மணி மாமா: வெள்ளிக்கிழமை.

மீனா சித்தி: அப்ப புதுசை ஸ்கேன் முடிஞ்சதும் ஒட்டிக்கோங்க.