மறு: ‘மட்’டுக்குத் தமிழ்: நிலவறையா, சொல்லாடுகளமா?

அன்புள்ள ஐயா, அக்கா, மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

‘மட்’ (MUD), அதாவது பலர் ஒரே நேரத்தில் கணினியில் சொற்களைத் தட்டியே ஆடும் விளையாட்டு, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று சனிக்கிழமை தேக்கா கோப்பிக்கடையில் பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடர்கிறேன். நம் டிராகுலா விளையாட்டின் உதவிப் பக்கத்தில் முதல் வரியே ‘இது ஒரு ______’ என்று கோடிட்ட இடமாகக் கிடக்கிறது.

ஐயா எழுதியிருந்தார்கள்:

> மல்ட்டி யூசர் டஞ்சன் என்பதற்கு நேர்த்தமிழ் பல்பயனர் நிலவறை. பொருள் பிசகாது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

பொருள் பிசகாது என்பதில்தான் எனக்குச் சிக்கல், ஐயா. 1978இல் எஸ்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா முதல் ‘மட்’ விளையாட்டை எழுதினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அதற்கு முன்பே இருந்த ஸோர்க் என்னும் ஒற்றையாள் விளையாட்டை ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியில் எழுதிய வடிவத்துக்கு ‘டஞ்சன்’ என்று பெயர். கோப்புப் பெயரில் ஆறெழுத்துக்கு மேல் இடமில்லாததால் அதில் ஓர் எழுத்துகூட விழுந்துபோயிருந்தது. ‘அது மாதிரி, ஆனால் பலர் ஆடுவது’ என்பதுதான் மட்டின் பெயர்க்காரணம். யாரோ வைத்த கோப்புப் பெயருக்காக நாம் நிலவறைக்குள் இறங்க வேண்டுமா? சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்லப்படும் ‘இணையம்’ என்ற சொல் ‘இன்டர்நெட்’டில் உள்ள வலையை மொழிபெயர்க்கவில்லை, இணைவதைத்தான் பிடித்தது. நம்மூர்க்காரர் காட்டிய வழி அது.

அக்கா சொன்ன ‘மடு’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒலியும் ஒட்டுகிறது, ஆற்றில் ஆழம் தெரியாத இடம் என்ற பொருளும் முதுகைச் சில்லிட வைக்கிறது. ஆனால் அந்த ஆழமும் இருட்டும் நம் கதைக்குரியவை. நாளைக்கு ஒருவர் சந்தைக்கடையை வைத்து வேடிக்கையாக ஒரு மட் எழுதினால் அதையும் மடு என்பதா?

என் முன்மொழிவு: சொல்லாடுகளம். சொல் + ஆடுகளம் என்று பிரித்தால் சொல்லாலேயே கட்டிய ஆடுகளம். சொல்லாடு + களம் என்று பிரித்தால் பேசிக்கொள்ளும் இடம். மட்டில் இரண்டும் ஒரே விசைப்பலகையில்தான் நடக்கின்றன: ‘கதவைத் திற’ என்று தட்டுவதும், பக்கத்தில் நிற்பவர் ‘திறக்காதீங்க!’ என்று தட்டுவதும். இணையத்தில் கூடிப் பேசும் இடத்துக்குக் ‘கருத்துக்களம்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பீர்கள். போர்க்களமும் நெற்களமும் இத்தனை நாள் குழம்பவில்லையே. தவிர, கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடுவதும் களத்தில்தான்.

‘சொல்’ ஏன் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்கு டிராகுலாவே சாட்சி. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் அந்த நாவல் முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும் செய்தித்தாள் நறுக்கும்தான். ஆளுக்கொரு துண்டு தெரியும். கதையில் வரும் மீனா எல்லாவற்றையும் தட்டச்சில் அடித்து அடுக்கிய பிறகே முழுக்கதை அவர்கள் கைக்கு வருகிறது. நம் ஆட்டத்திலும் ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் அறையில் நடப்பது மட்டும்தானே ஓடுகிறது? பாதி வேலையை ஸ்டோக்கரே முடித்து வைத்திருக்கிறார்.

கண்ணாடிக் கட்டத்தையும் பாருங்கள். கோட்டைக்கு விருந்தாளியாகப் போன ஜொனாதன் சவரம் செய்யும்போது டிராகுலா பிரபு பின்னால் நிற்கிறான், கண்ணாடியில் உருவம் இல்லை. நம் ஆட்டத்தில் ‘அறையைப் பார்’ என்று தட்டினால் மூன்று பெயர் வரும், ‘கண்ணாடியைப் பார்’ என்றால் இரண்டுதான் வரும். ஒருவர் ஆடிப் பார்த்துவிட்டு, ‘பட்டியலில் ஒரு பெயர் விடுபடுகிறது, சரிசெய்யவும்’ என்று பிழை அறிக்கை அனுப்பியிருந்தார். சிரித்தாலும், அவருக்குப் பயமே வரவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம், நீயா நீங்களா சண்டை. ‘நீங்கள் ஓர் இருண்ட மண்டபத்தில் நிற்கிறீர்கள்’ என்றால் ஏடிஎம் பேசுகிற மாதிரி இருக்கிறது. கோட்டை ‘நீ’ என்றே பேசட்டும், மரியாதை ஆடுகிறவர்களுக்குள் இருக்கட்டும். இன்னொன்று: பிரபு விருந்தோம்பும் வரை ‘வருகிறார்’ என்றே காட்டலாம். வௌவாலாக மாறியதும் ‘வருகிறது’. விகுதி ஒன்றை மாற்றினாலே ஆள் நடுங்கிவிடுவார்!

கதையை இங்கே ஈசூன் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. டிரான்சில்வேனியா அங்கேயே இருக்கட்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் நடக்கும் கெத்தாய் மேடைக் கச்சேரியில் பேய்களுக்காகக் காலியாக விடும் முன்வரிசை நாற்காலிகளை வைத்துத் தனியாகவே ஓர் ஆட்டம் எழுதலாம்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. ஆள் இயக்காமல் தானே திரியும் பாத்திரங்களை ‘மாப்’ என்கிறார்கள், ‘மொபைல்’ என்பதன் சுருக்கம். வண்டிக்காரன், ஓநாய், கோட்டையில் இருக்கும் மூன்று பெண்கள் எல்லாருக்கும் அது ஒரே சொல். ‘உலாவி’ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்திருக்கும், அதை பிரௌசர் கொண்டுபோய்விட்டது. இப்போதைக்கு ‘திரிவோர்’ என்று வைத்திருக்கிறேன், ஓநாய்க்கு உதைக்கிறது. அக்கா, வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அன்று இரவு உதவிப் பக்கத்தை ஏற்றிவிடுவேன்.